மாப்பிள்ளை விசாரிப்பதுபோல் ஒரு பல்கலைக்கழகத்தை விசாரித்தேன்

1

என் தங்கை சுகந்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடம், முன்னால் புல்வெளி, புல்வெளியில் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கும் நாலைந்து பிள்ளைகள். கீழே ஒரு குரல்பதிவு.

"அண்ணன், இது நீங்க இரிக்கிற ஊர்தானாம். நிரோசா படிக்கப் போறன் எண்டு நிக்கிற கம்பஸுக்கு இதுதான் தாய் யூனிவர்சிட்டியாம். கொழும்பில படிச்சாலும் அங்கத்தப் பட்டம்தான் குடுப்பாங்களாம். நீங்க ஒருக்காப் போய் விசாரிச்சுச் சொல்லுங்களன். நீங்க சொன்னாத்தான் முடிவு."

அந்தக் கட்டடம் எனக்குத் தெரியும். இந்த ஆங்கில நகரத்தில் நான் பஸ் ஓட்டுகிறேன். என் பாதை அதன் வாசலைத் தொட்டுத்தான் போகிறது. இத்தனை வருடத்தில் அந்தப் புல்வெளியில் ஒருவரும் புத்தகத்தை அணைத்துக்கொண்டு சிரித்து நான் பார்த்ததில்லை. மழையில் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார்கள், அவ்வளவுதான். ஆகவே படத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், யாராவது எனக்கு ஒரு நல்ல செய்தி சொன்னாலே சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிற ஆள் நான். இந்தக் குணத்துக்கு என் மனைவி ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அதை அச்சில் போட முடியாது.

நிரோசா சுகந்தியின் ஒரே மகள். உயர்தரத்தில் உயிரியல் படித்தாள். நல்ல பெறுபேறு, ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே. மீண்டும் எழுத அவளுக்கு மனமில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் படிக்கிறேன் என்று நிற்கிறாள். கட்டணத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஊரில் இருந்து வாசிப்பவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு அதை வருடங்களால் பெருக்கத் தொடங்கிவிடுவார்கள். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் பனையடி வட்டை என்கிற வயல்வெளியில் சுகந்தியின் பேரில் கிடக்கும் வயலை விற்றால்தான் அந்தப் படிப்பு என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்த வயல் எங்கள் அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. சுகந்தியின் கல்யாணத்தில் வீட்டோடு சேர்த்து அவள் பேருக்கு எழுதினோம். நாளைக்கு நிரோசாவுக்குப் போக வேண்டியது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வீடும் வயலும் பெண் வழியில் இறங்கும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து சேருவார். அந்த வயலை விற்கிற யோசனை சுகந்தியின் புருசன் தவராசாவுடையதாகத்தான் இருக்கும் என்று நான் அன்றைக்கே முடிவுகட்டினேன். தவம் மச்சான் நல்ல மனிதர். ஆனாலும் வயல் விஷயத்தில் நான் எவரையும் நம்புவதில்லை.

2

மாப்பிள்ளை விசாரிப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. தாய்மாமனோ அண்ணனோ தனியாகப் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகக்கூடாது, உறவுக்காரரிடம் கேட்கக்கூடாது. சந்தியில் இறங்கி, தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, வேறு எதற்கோ வந்தவர்போலப் பேச்சைத் தொடங்க வேண்டும். நெல் விலை, உழவு மெஷின் வாடகை என்று போய், அப்படியே நழுவி அந்தப் பொடியன் பேருக்கு வர வேண்டும். பதிலைவிடப் பதில் வரும் வேகத்தைக் கவனிப்பது முக்கியம். "தங்கமான பொடியன்" என்று உடனே சொன்னால் சொன்னவர் சொந்தக்காரர். யோசித்துச் சொன்னால் ஏதோ இருக்கிறது. "ஏன் கேக்கிறீங்க" என்று திருப்பிக் கேட்டால் எழும்பி அடுத்த கடைக்குப் போய்விட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு சொல்தான் சொல்லலாம். ஓம், அல்லது இல்லை. அந்தச் சொல்லுக்குச் சொன்னவர்தான் பொறுப்பு.

நான் நாட்டை விட்டுப் புறப்படுவதற்கு முந்திய வருடம் சுகந்திக்கு வாழைச்சேனையில் ஒரு சம்பந்தம் வந்தது. அப்பா இல்லாத வீடு, அதனால் நான் போனேன். பக்கத்து ஓட்டமாவடிச் சந்தியில் இறங்கி, ஒரு சைக்கிள் திருத்தும் கடையில் பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லாரும் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"அந்தத் தம்பி சைக்கிளக் கொண்டுவந்தா சும்மா நிக்கமாட்டார். தானே டயரக் கழட்டித் தருவார். வேற கத எனக்குத் தெரியா."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்துவிட்டது. இன்னும் இரண்டு கடையில் கேட்டேன், பிழையாக ஒன்றும் இல்லை. பின்னேர பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பி ஓம் என்றேன். அப்படி வந்தவர்தான் தவம் மச்சான். ஊரில் நான் உருப்படியாகச் செய்த வேலை எது என்று கேட்டால் அந்த அரைநாள் வேலையைத்தான் சொல்வேன். இங்கே எத்தனையோ விருந்துகளில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அதனால் ஒரு பல்கலைக்கழகத்தை எப்படி விசாரிப்பது என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

3

முதலில் முறையை மீறி அந்தக் கண்ணாடிக் கட்டடத்து அலுவலகத்துக்கே போனேன். அது என் பிழை. வரவேற்பில் இருந்த பெண் மிக அன்பாகச் சிரித்து, இலங்கையில் உள்ள கூட்டு நிறுவனங்களைப்பற்றித் தனக்குத் தெரியாது, இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்றாள். இருந்தாலும் ஒரு தட்டுக் கணினியை நீட்டி என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போடச் சொன்னாள். போட்டேன். உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. பதில் வரவில்லை.

இரண்டொரு நாளில் அந்த எண்ணுக்குக் கொழும்புத் தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண்பிள்ளை. ஒரு நிமிடம் பேசுவதற்குள் நான் அவளுக்கு அங்கிள் ஆகிவிட்டேன். ஆய்வுகூடம் புதியது, விரிவுரையாளர் எல்லாரும் வெளிநாட்டில் படித்தவர்கள், படிப்பு ஒரு நாளும் பிந்தாது, எல்லாம் ஆங்கிலத்தில், கடைசி வருடம் விரும்பினால் இங்கே வந்து படிக்கலாம். நான் எதைக் கேட்டாலும் பதில் உடனே வந்தது. அந்த வேகமே எனக்குப் பிடிக்கவில்லை.

"இந்த இன்டேக்குக்கு இன்னும் கொஞ்ச சீட்தான் இருக்கு அங்கிள். கெதியா முடிவெடுத்தா நல்லம்" என்றாள்.

சீட் நிரம்பும் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. உண்மையில் என் பஸ் நிரம்பிவிட்டால் நான் யாருக்கும் அறிவிப்பதில்லை. நிறுத்தாமல் போய்விடுவேன்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்து முறைப்படி தொடங்கினேன். ஒரு விடுமுறை நாளில் பயணியாகப் போய் அந்த வாசலில் இறங்கினேன். காவலாளியிடம் வானிலை பேசி, பந்து விளையாட்டுப் பேசி, கடைசியில் இது நல்ல இடமா என்று கேட்டேன். எங்கள் ஊரில் நல்ல இடம் என்றால் நல்ல குடும்பம், நம்பிப் பெண் கொடுக்கலாம். அவர் வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் கொஞ்சம் காற்று அடிக்கும் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு எதிரே இருந்த முடிதிருத்தும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு குர்தியர். வெட்டத் தேவையில்லாத தலையை வெட்டக் கொடுத்துவிட்டு மாணவர்களைப்பற்றிப் பேச்சைத் திருப்பினேன். அமைதியான பிள்ளைகள், ஆனால் கனபேர் வேலையும் படிப்புமாக அலைகிறார்கள் என்றார். "உன் நாட்டுப் பிள்ளை ஒன்று பக்கத்துக் கடையில் சனிக்கிழமைகளில் நிற்கிறது" என்றும் சொன்னார்.

பக்கத்துக் கடை வாளி, துடைப்பம், மலிவு சவர்க்காரம் விற்கும் கடை. சனிக்கிழமை போனேன். கல்லாவில் முக்காடிட்ட பெண்பிள்ளை. பெயர்ப்பட்டியில் ஃபர்ஹானா என்று இருந்தது. ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்தது. ஏறாவூர்ப் பிள்ளை. நான் மட்டக்களப்பு என்றதும் வாளி விலையில் கழிவு போட்டாள். எந்த கம்பஸ், எத்தனையாம் வருடம், வாப்பா என்ன செய்கிறார், கூடப் படிக்கிற பிள்ளைகள் எப்படி, என்று மெல்ல மெல்லக் கேட்டுக்கொண்டு போனேன். அவள் பதில்கள் வரவரச் சுருங்கின. கடைசியில் வாளியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"அங்கிள், கோவிக்கப்படா. எனக்கு ஊர்ல பேசி முடிஞ்சி. படிப்பு முடிய நிக்காஹ்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளை அல்லவா, நான் கேட்ட விதத்திலேயே அவளுக்கு விளங்கியிருக்கிறது, ஆள் மட்டும்தான் மாறிவிட்டது. அவசரமாக உண்மையைச் சொன்னேன். நான் விசாரிப்பது உன்னை அல்ல, உன் பல்கலைக்கழகத்தை. என் மருமகள் அங்கே சேர நிற்கிறாள், வயல் விற்கப் போகிறார்கள் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தேநீர் இடைவேளையில் வெளியே வந்து நின்று பேசினாள். அவளும் அதே கொழும்புத் தனியார் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுக் கடைசி வருடத்துக்கு இங்கே வந்தவள்.

"படிப்பு நல்லம் அங்கிள். பொய் சொல்லல்ல. லேப்ல ஒவ்வொருத்தருக்கும் தனி மைக்ரோஸ்கோப். என்ட கூட்டாளி கவர்மெண்ட் கம்பஸுக்குக் கிடைச்சவ, அவ இன்னும் ரெண்டாம் வருசத்துல நிக்கிறா. ஸ்ட்ரைக், அது இது எண்டு. நான் முடிக்கப் போறன்."

"குறை என்ன மகள்?"

"ஃபெயில் ஆனா திரும்ப எழுதத் தனியாக் கட்டணும். அத ஆரும் முதல்ல சொல்றல்ல. கடைசி வருசம் இங்க வரலாம் எண்டுவாங்க, விசா அவங்கட கையில இல்ல. எங்கட பெட்ச்சுல பாதிப் பேருக்குக் கிடைக்கல்ல. மறுகா, ஊருக்குத் திரும்பினா ஆஸ்பத்திரில இந்தப் பட்டத்த எடுப்பாங்களா எண்டு கேட்டா, ஒருத்தர் ஓம் எண்டுவார், ஒருத்தர் இல்ல எண்டுவார்."

"திரும்பவும் ஒரு தரம் தெரிவு செய்யச் சொன்னால் இதைத்தான் படிப்பாயா?"

அவள் தெருவைப் பார்த்தாள். "எங்கட வாப்பா கடைய வித்துத்தான் அனுப்பின. நான் வேற என்ன சொல்ற அங்கிள்?"

வீடு வரும்வரை அந்தப் பதிலை யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் சொன்ன நல்லதையெல்லாம் நான் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். கடை விற்ற வீட்டுப் பிள்ளை நல்லது என்றுதானே சொல்ல வேண்டும். அவள் சொன்ன குறைகளை மட்டும் முழுதாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

4

என் மகன் ஆதவன் இங்கேயே வேறொரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான். தமிழ் விளங்கும், பேசுவது கொஞ்சம் நொண்டும். நான் வாளியோடு வந்த கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"அப்பா, ரேங்கிங் பாருங்க. அவ்வளவுதான். முடி வெட்டுறவரிட்ட ஏன் கேட்டீங்க?"

பட்டியலை எடுத்துக் காட்டினான். அந்தப் பல்கலைக்கழகம் நடுவில் எங்கோ இருந்தது. பட்டியல் போடுகிறவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அப்படியானால் இதுவும் தரகர் எழுதின சாதகம்தான் என்றேன். சாதகம் என்றால் என்ன என்று கேட்டான்.

பிறகு, நிரோசா ஏன் கடன் எடுக்கக்கூடாது என்றான். இங்கே எல்லாரும் அப்படித்தான், அரசாங்கம் கொடுக்கும், வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் பிடிப்பார்கள். அங்கே கடன் எடுக்கவும் வயலைத்தான் ஈடு வைக்க வேண்டும் என்று விளக்கினேன். அந்த வயல் ஏன் நிரோசாவுக்கு, தனக்குப் பங்கு இல்லையா என்று அடுத்த கேள்வி. ஆண்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, நீ கட்டப்போகிற பெண்ணின் வீட்டில் கிடைக்கும் என்றேன். இந்த நகரத்தில் பெண்வீட்டார் யாராவது வீடு எழுதித் தருவார்களா என்று அவன் சிரித்தான். அப்படியே சிரித்துக்கொண்டு மாடிக்குப் போனான். சொந்த மச்சாளின் வாழ்க்கை இவனுக்கு ஒரு வேடிக்கைக் கதையாகப் போய்விட்டதே என்று எனக்குக் கோபம் வந்தது. அவனோடு அதைத் தமிழில் சண்டை பிடிக்க முடியாது, ஆங்கிலத்தில் சண்டை பிடித்தால் அவன்தான் வெல்வான்.

அடுத்த கிழமை நிரோசாவே அழைத்தாள். நான் பெரிய வழக்கறிஞர்போல ஃபர்ஹானா சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவள் குறுக்கிடவில்லை. எல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அங்கே படித்து முடித்த ஐந்தாறு பேரைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறாள். வேலை கிடைத்தவர்களும் உண்டு, கிடைக்காதவர்களும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக் கனவு தனக்கு இல்லை, தனியார் ஆய்வுகூடங்களுக்கு ஆள் தேவை இருக்கிறது, ஆங்கிலம் வந்தால் எங்கும் போகலாம் என்றாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, எங்கட அப்பாவ நீங்க எவ்வளவு நாள் விசாரிச்சீங்க?"

"அரைநாள்" என்றேன் பெருமையாக.

"என்ர கம்பஸ மூணு மாசமா விசாரிக்கிறீங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இதே வயலுக்கு நாளைக்கு ஒரு மாப்பிள்ள வந்தா, நீங்க ரெண்டு தேத்தண்ணிக் கடையில கேட்டுப்போட்டு எழுதிக் குடுப்பீங்க. அவன் ஃபெயில் ஆனா ஆரிட்டப் போய்க் கேக்கிற?"

இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயாடிகள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

5

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் முடிவைச் சொல்ல அழைத்தேன். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. படம் தெரியும் அழைப்பு. சுகந்தி முன்கூடத்தில் கதிரையில் இருந்தாள். தவம் மச்சான் பின்னால் நின்று எதையோ மடித்துக்கொண்டிருந்தார். நிரோசா படத்தில் இல்லை, ஆனால் கதவடியில் நிற்கிறாள் என்று தெரிந்தது.

இல்லை என்று சொல்ல நினைத்துத்தான் எடுத்தேன். காரணமும் தயாராக இருந்தது. பட்டம் ஒரு தாள், வயல் அப்படியல்ல, எங்கள் பெண்களுக்கு வீடும் வயலும் கையில் இருப்பதால்தான் ஒருவன் முன்னாலும் தலைகுனிய வேண்டியதில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் சந்தேகம் விடவில்லை.

"மச்சான், குறை நினைக்காதீங்க. வயலை விக்கிற யோசனை உங்கடயா?" என்றேன்.

தவம் மச்சான் மடித்ததைக் கீழே வைத்தார். திரைக்குக் கிட்ட வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது.

"இல்ல மச்சான். நான் வேணாம் எண்டுதான் சொல்லுறன். இவதான் விப்பம் எண்டு நிக்கிறா." கதவடியைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளைக்கு வயல் இல்லாட்டி, என்னப்போல ஒருத்தன் வந்து வாய்ச்சா அவள் எதில நிண்டு கதைக்கிற?"

எனக்கு விளங்கவில்லை. உங்களைப்போல என்றால் என்ன என்று கேட்டேன். அவர் சுகந்தியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள். அவர் திரும்பி வெளியே போய்விட்டார்.

சுகந்திதான் சொன்னாள், சத்தம் உயர்த்தாமல், அடுத்த வீட்டுக் கதைபோல. நான் இங்கே வந்து விசாவுக்கு அலைந்துகொண்டிருந்த காலம். நிரோசா கைப்பிள்ளை. அவர் குடிக்கத் தொடங்கியிருந்தார். அடியும் விழுந்திருக்கிறது. ஒரு நாள் வயலை ஈடு எடுக்க ஒருவனை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவள் வாசல் படலையில் நின்று, வீடும் என்ர, வயலும் என்ர, ரெண்டு பேரும் வெளியால போங்க என்றிருக்கிறாள். அவர் தாய்வீட்டுக்குப் போய் வருடக்கணக்கில் கிடந்து, குடியை விட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தார். அதன்பிறகு ஒரு சொல் இல்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கதானே விசாரிச்சு ஓம் எண்டு சொன்னீங்க அண்ணன். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுற?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படியானால் நீயே சொல், உன்னைக் காப்பாற்றினது அந்த வயல்தானே, அதை ஏன் விற்கிறாய் என்று கேட்டேன்.

"வயல் இருந்தபடியா அவர வெளியால விட எனக்கு ஏலுமாயிருந்த. நான் போக ஏலாமப் போச்சு. வீடும் இஞ்ச, வயலும் இஞ்ச, கையில வேற ஒண்டும் இல்ல. படலையில நிண்டு ரோட்டப் பாத்துக்கொண்டு நிண்டன். அவளுக்கு வீடு கிடக்கட்டும், அத விக்கல்ல. ஆனா போகணும் எண்டு நினைச்சா அவளுக்குப் போகவும் ஏலணும்."

நான் சேர்த்து வைத்திருந்த குறைகள் எல்லாம் அப்படியே இருந்தன. கட்டணம் குறையவில்லை, விசா யார் கையிலும் இல்லை, அந்தப் பட்டத்தை ஊரில் எடுப்பார்களா என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது. அதைத்தான் சொன்னேன். நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது, இது பிழையாகிப்போகவும் இடமிருக்கிறது சுகந்தி, எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.

"விசாரிக்கப் போனவர் ரெண்டும் சொல்லப்படா. ஓம் எண்டு சொல்லுங்க, இல்லாட்டி இல்ல எண்டு சொல்லுங்க. மாமன் சொல்லாம இவள் வெளிக்கிடமாட்டாள்."

நான் கைபேசியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"பிழையாப் போனாலும் உங்களக் குறை பேசமாட்டன் அண்ணன்" என்றாள். "அண்டைக்கும் பேசல்லதானே."

ஓம் என்றேன்.